பொருநைக் கரையில் இரண்டு நாட்கள்

விடுமுறை என்றவுடன் தூரத்து ஊர்களையே நினைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றிவிட்டது. கோடை பிறப்பதற்கு முன்பே உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போவதென்று தீர்மானித்து, ரயிலில் இடம் தேடி, விடுதியில் அறை தேடி, இரண்டும் கிடைத்தபின் ஆபீஸில் லீவு தேடி, ஒருவாறு போய்ச் சேர்ந்த பிறகு மலைப்பாதையில் வரிசையாக நிற்கும் மோட்டார் வண்டிகளுக்கு நடுவே அரைநாளைக் கழித்து, அவசியம் பார்க்கவேண்டியவை என்று யாரோ எழுதி வைத்த இடங்களையெல்லாம் ஓட்டமும் நடையுமாகப் பார்த்து முடித்து, வீடு திரும்பும்போது, இந்தக் களைப்புத் தீர இன்னும் இரண்டு நாள் இருந்தால் தேவலையே என்று ஏங்குவது பல குடும்பங்களின் அனுபவம். தேசங்களைக் காண்பதும் ஸ்தலங்களைச் சேவிப்பதும் உயர்ந்த காரியங்களே. அவற்றைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் சிரமபரிகாரம் வேறு, தேச சஞ்சாரம் வேறு. வாரம் முழுவதும் உழைத்த தந்தையும், அந்த உழைப்போடு அடுக்களையையும் சேர்த்துச் சுமந்த தாயும், பாடப்புத்தக மூட்டையைச் சுமந்த பிள்ளைகளும், பேச்சுத் துணையில்லாமல் பொழுதைப் போக்கிய தாத்தாவும் ஆச்சியும் வேண்டி நிற்பது, ஒருவரையொருவர் அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ள அமைதியான ஓர் இடத்தையும் இரண்டு முழு நாட்களையும்தான். அதற்குச் சனி ஞாயிறு போதும். வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் ஓர் இடம் போதும்.

இதை எந்த ஊர்க்காரரும் தம் ஊரை வைத்துச் சொல்லலாம். நான் திருநெல்வேலியை வைத்துச் சொல்கிறேன். பொருநை என்று இலக்கியங்களும் தாமிரபரணி என்று ஜனங்களும் அழைக்கும் ஜீவநதி, பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற இரு ஜில்லாக்களையும் வளப்படுத்தி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலோடு சேரும் வற்றாத பெரிய நதி இது. தென்மேற்குப் பருவக்காற்று மலையில் பெய்யும் மழையும், வடகிழக்குப் பருவக்காற்று சமவெளியிலும் மலையிலும் பெய்யும் மழையும் மாறி மாறி இந்நதியை ஊட்டுவதனால், மற்ற ஆறுகள் மணல்வெளியாகக் கிடக்கும் மாதங்களிலும் இங்கே முழங்கால் நனையத் தண்ணீர் ஓடுகிறது. திருநெல்வேலி நகரத்திலிருந்து பாபநாசம் வரை சுமார் 50 கிலோமீட்டர் தூரம். அந்தச் சிறிய தூரத்துக்குள் இந்த நதி தன் இரு கரைகளிலும் வைத்திருக்கும் ஊர்களையும் கோயில்களையும் தோப்புகளையும் ஆற அமரப் பார்ப்பதானால் ஓர் ஆயுள் வேண்டும். நமக்கு வேண்டியதோ இரண்டு நாட்களுக்கு உரியது மட்டுமே.

ஆகவே திட்டமிடுதல் என்பதன் முதல் காரியம், எதை விடுவது என்று நிச்சயிப்பது. அம்பாசமுத்திரத்தை மையமாகக் கொண்டால், 118 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் மணிமுத்தாறு அணையும் அதன் அருவியும் ஒரு பக்கம். 143 அடி நீர் கொள்ளும் காரையாறு என்ற பாபநாசம் அணையும் அதன் துணையான சேர்வலாறும் இன்னொரு பக்கம். சற்றே எட்டிப் பிடித்தால் குற்றாலம். வழியில் பாரதியார் தம் மனைவி செல்லம்மாளின் ஊரில் வாழ்ந்த காலத்தை நினைவூட்டும் கடையம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதனாலேயே, வந்ததுதான் வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம் என்ற சபலம் எழுகிறது. அந்தச் சபலத்துக்கு இடம் கொடுத்த மாத்திரத்தில் ஓய்வு போய்விடுகிறது. காலையில் ஓர் இடம், மாலையில் ஓர் இடம், நடுப்பகலுக்கு ஒன்றுமே இல்லை என்ற நியமத்தை வைத்துக்கொண்டால், இரண்டு நாட்களுக்கு நான்கு இடங்கள் ஆகின்றன. வீட்டில் உள்ள மிகச் சிறிய குழந்தைக்கும் மிக மூத்த பெரியவருக்கும் எவ்வளவு நடக்க முடியுமோ, எவ்வளவு நேரம் பசி தாங்குமோ, அதுவே எல்லாருடைய பிரயாணத்துக்கும் அளவாக இருக்கவேண்டும். விடப்பட்ட இடங்கள் எங்கும் ஓடிவிடமாட்டா. பக்கத்து ஊருக்குப் போவதில் உள்ள பெரிய பாக்கியமே, மறுபடியும் போகலாம் என்பதுதான்.

காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனி, ஆடியில் மலையில் சாரல் விழுந்து கார் சாகுபடிக்கு வயல்கள் தயாராகும் சமயமும், தை மாதத்துக்குப் பின் பிசான நெல் முற்றிச் சாயும் சமயமும் குடும்பத்தோடு போவதற்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானிலை அறிக்கையைக் கேளாமல் ஆற்றங்கரைப் பிரயாணம் வைக்கலாகாது. 2023 டிசம்பரில் ஓரிரு நாட்களில் கொட்டித் தீர்த்த பெருமழையில் இதே சாதுவான நதி எத்தனை ஊர்களைச் சூழ்ந்தது என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயில் திருவிழாவுக்கு லட்சக்கணக்கான பக்தர்கள் திரளுவார்கள். அது பக்திக்கு உரிய காலம், ஓய்வுக்கு உரியதன்று.

வெள்ளிக்கிழமை இரவே மூட்டை கட்டிவிடுவது நலம். ஆனால் ஆகார விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். குடும்பம் முழுவதும் உல்லாசமாகப் புறப்படுகிறது என்பதற்காக, வீட்டுத் தலைவி அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து நான்கு வகைச் சோறு கிண்டி, பொரியல் வதக்கி, தூக்குவாளிகளில் நிரப்பிவிட்டு, வண்டியில் ஏறியதும் கண்ணயர்ந்து போவது எந்த வகையிலும் நியாயமில்லை. அவளுக்கு ஓய்வில்லாத விடுமுறையை அந்தக் குடும்பத்தின் விடுமுறை என்று சொல்வதற்கில்லை. முதல் நாள் காலைக்கு மாத்திரம் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி. அவசரத்துக்குக் கொஞ்சம் புளியோதரையும் நார்த்தங்காய் ஊறுகாயும். அதுவும் பிள்ளைகளும் ஆண்மக்களும் கூட நின்று முதல் நாள் இரவே முடித்து வைத்தது. மீதி வேளைகளுக்கு அம்பாசமுத்திரத்துக் கடைகளில் வாழை இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் கூஜா, தாத்தாவின் மருந்து மாத்திரை, ஆளுக்கொரு துண்டு, ஒரு டார்ச் விளக்கு, விரித்துப் படுக்க ஒரு பாய். இதற்கு மேல் வேண்டுவதில்லை. பாய் பத்தமடைப் பாயாக இருந்தால் இன்னும் விசேஷம். பொருநைக் கரையில் விளையும் கோரையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, நூல் போல மென்மையாக்கி நெய்யும் பாய் அது. அதில் உயர்ந்த ரகத்தைத் துணியைப் போல மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். அந்தக் கோரை வளர்ந்த கரையிலேயே அதை விரித்துப் படுப்பது ஒரு தனி சுகம்.

மோட்டாரில் போகக் கூடியவர்களும் ஒருமுறையாவது ரயிலில் போகவேண்டும் என்பது என் விண்ணப்பம். திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை செல்லும் பாசஞ்சர் வண்டி இந்த வழிக்கென்றே அமைந்தது. 1903-இல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டு, 2012-இல் அகலப் பாதையாக மாறி மீண்டும் ஓடத் தொடங்கிய தடம் இது. பேட்டையைத் தாண்டியதும் நகரத்தின் சந்தடி ஓய்கிறது. வாழைத் தோட்டமும் நெல் வயலும் ஜன்னலுக்கு வெளியே மாறி மாறி வருகின்றன; சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று வண்டி மேற்கே போகப் போக, முதலில் வெறும் நீலக்கோடாகத் தெரிந்த மலை, பிறகு மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, மேகம் எது சிகரம் எது என்று பிள்ளைகள் வாதம் செய்யும் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. ஊர்ப்பெயர்ப் பலகையைக் கண்டதும் தாத்தாமார்களுக்குப் பேச்சு வந்துவிடும். நாதஸ்வரத்தின் இனிமைக்கு இலக்கணமாக விளங்கி, டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடராகப் புகழ்பெற்று, 1964-இல் இளவயதிலேயே மறைந்த அருணாசலம் பிறந்த ஊர் இந்தக் காருகுறிச்சிதான் என்பதைப் பேரனுக்குச் சொல்ல, அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும் ஒரு நிமிஷத்தைவிட உகந்த சந்தர்ப்பம் வேறு கிடைக்குமா?

கல்லிடைக்குறிச்சியில் இறங்கிவிடலாம். அப்பளத்தால் பெயர்பெற்ற ஊர் இது. கடைகளில் அடுக்கி விற்கும் அப்பளத்தைத்தான் நம் குழந்தைகள் கண்டிருப்பார்கள்; அது உருவாகும் விதத்தை, வீட்டாரின் அனுமதி பெற்று, அரைமணி நேரம் அருகில் நின்று பார்க்கட்டும். உளுந்த மாவைப் பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெய் தடவி உலக்கையால் இடிக்க இடிக்க, அது விறைப்பு நீங்கி, இழுத்தால் அறுபடாமல் நீளும் பதத்துக்கு வருகிறது. அதை உருட்டிக் கயிறு போல நீட்டி, ஒரே அளவாகத் துண்டு போட்டு, மாவில் புரட்டி, குழவியால் இரண்டு மூன்று முறை தேய்த்ததும் கண்ணெதிரே வட்டம் விரிகிறது. விளிம்பு எங்கும் கனக்காமலும் நடு எங்கும் கிழியாமலும் அந்த வட்டத்தை விரிக்கும் கையில் வருஷக்கணக்கான அப்பியாசம் இருக்கிறது. பிறகு காய வைப்பது. வெயில் மிஞ்சினால் சுருங்கி ஒடியும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இந்த ருசிக்குக் காரணம் ஆற்றுத் தண்ணீர்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பதம் அறிந்த பெண்களின் உழைப்புக்கும் அதில் சம பங்கு உண்டு என்று நான் எண்ணுகிறேன்.

இவ்வூர் வயல்களுக்குப் பாயும் கன்னடியன் கால்வாயைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கன்னட தேசத்திலிருந்து வந்த பிரம்மசாரி ஒருவர், தமக்குக் கிடைத்த பொன்னைத் தம் சுகத்துக்கு வைத்துக்கொள்ளாமல் ஜனங்களுக்குத் தண்ணீர் தரும் தர்மத்தில் செலவிட விரும்பி, ஒரு பசுவை முன்னே விட்டு, அது நடந்த வழியே கால்வாய் வெட்டி, அது படுத்த இடங்களில் குளம் தோண்டினார் என்பது அந்தக் கதை. சரித்திரம் எப்படியிருந்தாலும், மேட்டையும் பள்ளத்தையும் அறிந்து நீரைத் தானே ஓடச் செய்த நம் முன்னோரின் நுட்பம் பொய்யன்று. தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முற்பட்டவை. கால்வாய் ஓரமாகக் குழந்தைகளோடு கொஞ்ச தூரம் நடந்தாலே, தட்டில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தைத் தனியே சொல்லித்தர வேண்டியிராது.

கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ஆறுதான் எல்லை. நடுப்பகலை இந்த ஆற்றங்கரைக்கென்று விட்டுவிட வேண்டும். கரையோரத்து மருதமரங்கள் வெளிறிய பட்டையோடு பருத்து நின்று, வேர்களைப் பாதி மண்ணிலும் பாதி நீரிலும் ஓடவிட்டிருக்கின்றன. படித்துறையின் கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால், முதலில் தண்ணீரின் குளிர்ச்சி கணுக்காலைப் பிடிக்கும். சற்றே அசையாதிருந்தால், விரல் நீளம்கூட இல்லாத மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்து பாதத்தைக் கடித்துப் பார்க்கும். குழந்தை வீறிட்டுச் சிரித்துக் காலை இழுக்கும், மீன்கள் சிதறும், குழந்தை மறுபடியும் காலை விடும். இந்த ஒரு விளையாட்டு ஒருமணி நேரத்துக்குப் போதும். “ஏலே, படியிலயே நின்னு குளி, அங்கிட்டு கசம் கெடக்கு, எறங்காத” என்று ஆச்சி கரையிலிருந்து சொல்வதைப் பிள்ளைகளும் பெரியவர்களும் அப்படியே கேட்டு நடக்கவேண்டும். மேலே தெளிந்து கீழே சுழலும் ஆழமான குழிகளை இவ்வூரார் கசம் என்பார்கள். அது எங்கே இருக்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே தெரியும். அவர்கள் குளிக்கும் துறையில், அவர்கள் இறங்கும் அளவுக்கே இறங்குவது விவேகம். குளித்துக் கரையேறியபின் வரும் பசிக்கு முதல் நாளைய புளியோதரையும் அமிர்தம். பிறகு பாயை விரித்து, ஒரு மருதமரத்து நிழலில் எல்லாரும் படுத்துவிட வேண்டியதுதான். நடுப்பகலில் ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாரம் முழுவதும் நாம் சம்பாதித்த நேரம் அது.

வெயில் தாழ்ந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து சிறு தூரத்தில் உள்ள மன்னார்கோயிலுக்குப் போகலாம். 11-ஆம் நூற்றாண்டில், ராஜேந்திர சோழன் காலத்தில், அவன் பெயரால் சேர மன்னன் ஒருவன் எழுப்பிய விண்ணகரம் இது. நிற்கும் கோலம், அமர்ந்த கோலம், சயனக் கோலம் என்று பெருமாள் மூன்று நிலைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தருளியிருக்கும் அரிய விமானம் இங்கே அமைந்திருக்கிறது. குலசேகர ஆழ்வார் தம் இறுதிக் காலத்தை இந்த ஸ்தலத்தில் கழித்தார் என்பது இவ்வூர் ஐதிகம். பெரிய உற்சவ நாட்கள் தவிர மற்ற நாட்களில் கூட்டமில்லாத கோயில் ஆதலால், குழந்தைகள் பிராகாரத்தில் ஓடலாம். பெரியவர்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, சந்நிதி மணி அடிக்கும்வரை காத்திருக்கலாம். அருகிலுள்ள பிரம்மதேசத்துக் கைலாசநாதர் கோயிலும் மிகச் சிறந்தது. ஆனால் ஒரு மாலைக்கு ஒரு கோயில் என்ற நியமத்தை மீறவேண்டாம்.

இரவு அம்பாசமுத்திரத்தில் தங்குவதற்கு ஆடம்பரமில்லாத விடுதிகள் உண்டு. வீட்டிலே தனித்தனி அறைகளில், தனித்தனிக் கண்ணாடித் திரைகளைப் பார்த்தபடி உறங்கப் போகிறவர்கள், இங்கே ஒரே அறையில் ஒன்றாகப் படுக்கும்படி நேர்வதே பெரிய லாபம். கைபேசிகளை ஒரு பைக்குள் போட்டு வைத்துவிட்டுத் தாத்தாவைப் பேச விடுங்கள். தம் பிள்ளைப் பிராயத்தில் இதே ஆற்றில் நீந்தியதையும், சேரன்மகாதேவியில் மாட்டுவண்டியை நிறுத்தித் தங்கியதையும், பேரப்பிள்ளைகள் அதுவரை கேட்டிராத கதைகளாக அவர் சொல்லுவார். குடும்ப சரித்திரம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடமில்லை. அதற்கு ஆசிரியர் அவர் ஒருவரே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாபநாசம். அம்பாசமுத்திரத்திலிருந்து விக்கிரமசிங்கபுரம் வழியாகச் சுமார் 10 கிலோமீட்டர். மலையிலிருந்து விழும் நீரின் வலிமையைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி சகோதரர்கள் இயக்கத் தொடங்கிய பஞ்சாலையும், அதைச் சுற்றி வளர்ந்த ஊரும் வழியில் இருக்கின்றன. பாபநாசநாதர் கோயில், தாமிரபரணிக் கரையின் நவ கைலாயங்கள் என்னும் ஒன்பது சிவன் கோயில்களில் முதலாவது. கோயிலுக்கு எதிரே படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் மனிதரைக் கண்டு அஞ்சாமல் திரள்கின்றன. பக்தர்கள் பொரி தூவ, அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாய் திறக்கும் காட்சியைக் காண விடியற்காலையே நல்ல நேரம். அங்கிருந்து வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்து சென்றால் அகஸ்தியர் அருவி. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்று 1988-இல் அறிவிக்கப்பட்ட காட்டின் வாசல் இது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமும் இதுவே. அங்கே வனத்துறையினர் சொல்லும் நேரமும் விதியும்தான் சட்டம். கூட்டம் சேருமுன் போய், ஆசை தீரக் குளித்து, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவது உத்தமம்.

இந்த அருவிப் பிரதேசத்தில் நிற்கும்போது ஒரு மகானை நினையாமல் இருக்க முடியவில்லை. தமிழ்ச் சிறுகதைக்கு வழிகாட்டியவரும் தேசபக்தருமான வ. வே. சு. ஐயர், சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திவந்த காலத்தில், 1925 ஜூன் மாதம் குருகுலப் பிள்ளைகளோடு பாபநாசத்துக்கு உல்லாசமாக வந்தார். நீரில் தவறி விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் பாய்ந்தவர், மகளோடு தாமும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. லண்டனிலும் புதுவையிலும் எத்தனையோ ஆபத்துகளைக் கடந்துவந்த தீரர், பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக வந்த இடத்தில் தம் உயிரைக் கொடுத்துவிட்டார். நூறு ஆண்டு கழித்தும் பாறை அதே வழுக்கலோடு இருக்கிறது. நீரும் அதே வேகத்தோடு விழுகிறது. கம்பி கட்டிய இடத்தைத் தாண்டாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். பாறைமேல் ஏறிப் படம் எடுக்க எவரையும் அனுமதியாதீர்கள். இந்த மூன்றையும் கைக்கொள்வதே அந்த மகானுக்கும் அவர் அருமைப் புதல்விக்கும் நாம் அங்கே செலுத்தக்கூடிய அஞ்சலி.

அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தபின், ஊர் திரும்பும் வழியில் வீரவநல்லூருக்கு அருகே உள்ள திருப்புடைமருதூரில் கடைசி மாலையைக் கழிக்கலாம். கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில் நிற்கிறது. சிவலிங்கம் ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறது. வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்ட கருவூர்ச் சித்தர் அழைத்த குரலைக் கேட்கச் சுவாமி செவி சாய்த்த கோலம் என்று ஊரார் பக்தியோடு சொல்லுகிறார்கள். கோபுரத்தின் ஐந்து நிலைகளின் உட்புறத்திலும் மரச் சிற்பங்களும், சுவர் நிறைந்த நாயக்கர் காலத்துச் சித்திரங்களும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி வேண்டும், கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

அனுமதி கிடையாவிட்டாலும் குறையில்லை. வெளியே இயற்கையின் கண்காட்சி திறந்தே இருக்கிறது. ஆற்றங்கரையிலும் ஊருக்குள்ளும் நிற்கும் மருதமரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் பருவத்தில் கூடுகட்டி வாழ்கின்றன. மாலை சாயும் நேரத்தில் அவை வயல்களிலிருந்து கூட்டங்கூட்டமாகத் திரும்பி, ஒரே கிளைக்குப் போட்டியிட்டுச் சிறகடித்து, ஒருவாறு இடம்பிடித்து அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம். 2005-இல் இந்த இடம் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தின்படி இந்தியாவிலேயே முதலில் ஏற்பட்ட காப்பகம் இதுதான். உள்ளூர் ஜனங்களைக் கலந்து அமைக்கவேண்டிய காப்பகம் என்பது அந்தச் சட்டத்தின் சிறப்பு. வேலி போட்டுக் காவல் வைத்த காடாக இல்லாமல், குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு மேலேயே பறவைகளும் குடியிருக்கின்றன. எச்சத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு ஊரார் அவற்றுக்கு இடம் தந்திருக்கிறார்கள். நம் குழந்தைகள் அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பொறுமையைத்தான்.

இருட்டுவதற்குச் சற்று முன்பே புறப்பட்டால், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். திங்கட்கிழமைச் சீருடையை இஸ்திரி போடவும், கணக்குப் பாடத்தை முடிக்கவும் நேரம் இருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது ஒருவருக்கும் உடல் வலி இராது. பர்ஸும் அவ்வளவாக மெலிந்திராது. இரண்டு நாட்களில் ஒருவரோடு ஒருவர் பேசியது, ஒரு மாதத்தில் பேசியதைவிட அதிகமாக இருக்கும். ஓய்வு என்பதன் பலன் இதுவே.

திருச்சிராப்பள்ளிக்காரருக்கு முக்கொம்பும் கல்லணையும், மதுரைக்காரருக்கு அழகர்மலையும், தஞ்சைக்காரருக்குத் திருவையாறும் தாராசுரமும், சென்னைவாசிகளுக்கு மாமல்லபுரமும் வேடந்தாங்கலும் இப்படியே அருகில் இருக்கின்றன. அருகில் இருப்பதை அறிந்தவன்தான் அதைக் காக்கவும் முற்படுவான். பாபநாசத்துப் படித்துறையில் பரிகாரம் என்ற பெயரால் ஆற்றில் விடப்படும் பழந்துணிகளை மூட்டை மூட்டையாக வாரி எடுக்கும் நிலை, இந்த நதியைத் தாய் என்று வணங்கும் நமக்குப் பெருமை தருவதன்று. ஆகையால் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: வருகிற வெள்ளிக்கிழமை இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து, பக்கத்தில் உள்ள ஓர் ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுங்கள், பார்க்கவேண்டிய இடங்களில் பாதியை அடித்துவிடுங்கள், அங்கே போனால் சோப்பும் ஷாம்புவும் ஆற்றில் கலக்காமல் குளியுங்கள், உடுத்திய துணியை ஆற்றில் விடாமல் வீட்டுக்கே எடுத்துவாருங்கள், நீங்கள் கொண்டுபோன காகிதமும் பிளாஸ்டிக்கும் உங்கள் பைக்குள்ளேயே திரும்பி வரட்டும். அடுத்த சனிக்கிழமை அங்கே வரப்போகும் இன்னொரு குடும்பத்துக்கு அந்தக் கரையைச் சுத்தமாக விட்டுவைப்பது நம் கடமை.